“ஓம் ராசா, ஒண்டும் நடக்காது”

எங்கள் வீட்டில் ஒரு சவர்க்காரக் கட்டி ஒரு கிழமைக்கு மேல் வரும். 2021ஆம் ஆண்டின் கடைசியில் அது இரண்டே நாளில் கரையத் தொடங்கியது. மகனுக்கு அப்போது 11 வயது. விடியற்காலையில் கிணத்தடியில் வாளிச் சத்தம் கேட்கும். என் அம்மாதான் தண்ணி அள்ளுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் படுத்த நாட்கள் உண்டு. ஒருநாள் எழும்பிப் போய்ப் பார்த்தேன். இவன் நிற்கிறான். முழங்கை வரை நுரை. உதடு ஏதோ எண்ணிக்கொண்டிருக்கிறது.

“என்னடா ராசா, இந்த நேரத்தில?”

திரும்பிப் பார்த்தவன் அழத் தொடங்கினான். “அம்மா, நீங்கள் கதைச்சதால எண்ணினது குழம்பிப் போச்சு. இனி முதல்ல இருந்து கழுவவேணும்.”

விரல் இடுக்கெல்லாம் வெடித்து இரத்தம் கசிந்திருந்தது. அந்தக் கையோடு அவன் மறுபடியும் வாளியை இறக்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருக்கிறவள். அப்படியிருந்தும் என் பிள்ளைக்கு இருப்பது ஓ.சி.டி என்ற மனநோய் என்று விளங்கிக்கொள்ள எனக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் எடுத்தது. அதில் இரண்டு மாதத்தையாவது இன்னொரு தாய்க்கு மிச்சப்படுத்தலாம் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன். மகனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் பள்ளிக்கூடமும் போடவேண்டாம் என்றான், அவ்வளவுதான்.

முதலில் கொரோனா எங்கள் கண்ணை மறைத்தது. 2020இல் ஊரே கை கழுவியது. படலையடியில் வாளியும் சவர்க்காரமும் வைத்திருந்தோம். இவன் எல்லாரையும்விடக் கவனமாகக் கழுவியபோது ‘பொறுப்பான பிள்ளை’ என்று நான்தான் புகழ்ந்தேன். அடுத்தது எங்கள் வீட்டு ஆசாரம். அம்மா செத்தவீட்டுக்குப் போய் வந்தால் கிணத்தடியில் தலையில் வார்த்துவிட்டுத்தான் படி ஏறுவார். அப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பிள்ளை துடக்குப் பார்ப்பதும் ஊத்தைக்கு அருவருப்பதும் எனக்குப் புதினமாகத் தெரியவில்லை. இன்று யோசித்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. அம்மா ஒருமுறை தலைக்கு வார்ப்பார். அதோடு முடிந்தது. பிறகு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு செத்தவீட்டில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கதைப்பார். மகனுக்கு அந்த ‘முடிந்தது’ வரவே இல்லை. கழுவி முடித்த கையைத் துவாயில் துடைக்கும்போதே துவாய் ஊத்தையோ என்று சந்தேகம் வரும். துவாய் சரியென்றால் கதவுப்பிடி. கதவுப்பிடி சரியென்றால், எண்ணியது உண்மையிலேயே ஏழுதானா என்ற கேள்வி.

கை கழுவுவது மட்டும் என்றால் கொஞ்சம் முந்தியே பிடித்திருப்போமோ தெரியாது. கூடவே வேறு பலதும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு இடத்துக்கு ஓடினோம். கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டினான். கண் வைத்தியரிடம் போனோம், பார்வை சரியாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தான். இருமல் பாணி கொடுத்தோம். தோளை ஒரு மாதிரி உலுக்குவான். ‘சேட்டை விடாதே’ என்று தகப்பன் அதட்டுவார், அதட்ட அதட்ட அது கூடும்.

படிப்பும் விழுந்தது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தவன், தரம் 6இல் ஒரு பக்கம் எழுத ஒரு மணித்தியாலம் எடுத்தான். எழுத்தின் வளைவு சரியில்லை என்று அழிப்பான், எழுதுவான், மறுபடி அழிப்பான். கொப்பித் தாளில் ஓட்டை விழும்வரை அழிப்பான். ரியூசனில் “பிள்ளைக்குக் கவனமில்லை, அசட்டை கூடிப்போச்சு” என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நானும் அதையே சொல்லி அவனை ஏசினேன். ஒரு ‘அ’வை முப்பது தரம் எழுதுகிறவனுக்கு அசட்டை என்று பெயர் வைத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு வலிக்கும்.

சொந்தக்காரர் கண்ணூறு என்றார்கள். நூல் கட்டினோம், விபூதி போட்டோம். அவர்களில் யார்மீதும் எனக்குக் கோபமில்லை. எங்கள் பிள்ளைமேல் இருந்த பட்சத்தில் அவர்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். ஆனால் அந்த நூலே அவனுக்கு இன்னொரு கவலையானது. அது நனைந்தால் பலன் போய்விடுமோ, கழற்றினால் அம்மாவுக்கு ஏதும் நடந்துவிடுமோ என்று இரவிரவாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இதற்கெல்லாம் அடியில் இருந்தது எங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் நல்லூர்க் கோயிலுக்குப் போகக் கூப்பிட்டால் வயிற்றுக்குத்து என்பான். நான் குசினியில் கத்தியை எடுத்தால் எழும்பி வெளியே போய்விடுவான். தங்கச்சியை முன்பு தூக்கித் தூக்கித் திரிந்தவன், அவள் கிட்ட வந்தால் விலகி நடந்தான். இந்த மூன்றையும் நான் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

2022 மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 10 மணித்தியாலம், 13 மணித்தியாலமெல்லாம் மின்சாரம் நின்றது. அப்படி ஒரு இரவு முற்றத்தில் பாய் போட்டுக் கிடந்தோம். நல்ல இருட்டு, முகம் தெரியாது. அந்த இருட்டுத்தான் அவனுக்குத் துணிவு கொடுத்திருக்க வேண்டும்.

“அம்மா, நான் கெட்ட பிள்ளை. என்னைப் பொலிசில குடுங்கோ.”

ஏன் என்று கேட்டேன். கனநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். சாமிக்கு முன்னால் நின்றால் தலைக்குள் தூஷண வார்த்தை வருகிறதாம். கத்தியைக் கண்டால் தங்கச்சியைக் குத்துவதுபோல ஒரு படம் ஓடுகிறதாம். கை கழுவுவதும் அதற்குத்தானாம். ஏழு தரம் சரியாகக் கழுவினால் அந்தப் படம் உண்மையாகாது. எண்ணிக்கை பிழைத்தால் தங்கச்சிக்கு ஏதும் நடந்துவிடும்.

இரண்டு வருடமாக நாங்கள் கிருமிக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவனோ தன் தங்கச்சியைக் காப்பாற்ற விடியற்காலையில் தனியாகக் கிணத்தடியில் நின்றிருக்கிறான்.

அந்த இடத்தில் நான் ஒன்றைத் தற்செயலாகச் சரியாகச் செய்தேன். திடுக்கிட்டதைக் காட்டவில்லை, ‘சீ, அப்படி நினைக்காதே’ என்றும் சொல்லவில்லை. “சொன்னது நல்லது அப்பன். நாளைக்கு நாங்கள் ரண்டு பேரும் ஒரு டொக்டரிட்டக் கேப்பம்” என்றேன். உங்கள் பிள்ளை இப்படி ஒன்றைச் சொல்ல வாய் திறந்தால் தயவுசெய்து ஏசாதீர்கள். ஏசினால் அந்த வாய் பிறகு வருடக்கணக்காகத் திறக்காது.

அரசாங்க ஆசுபத்திரி கிளினிக்குக்குத்தான் போனோம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. காசு தேவையில்லை. வாங்கில் இருந்தபோது தெரிந்தவர் யாரும் கண்டுவிடுவார்களோ என்று நான் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடினேன். மகன் அதைக் கவனித்தான். பிள்ளை கவனிக்கும் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

வைத்தியர் முதலில் அவனோடு தனியே கதைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: இது ஓ.சி.டி. தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். விருப்பமில்லாத ஒரு எண்ணம் திரும்பத் திரும்ப வரும். அதனால் பயம் ஏறும். பயத்தை இறக்க ஒரு செயலைச் செய்தாக வேண்டும்போல இருக்கும். செய்தால் கொஞ்ச நேரம் ஆறுதல், பிறகு எண்ணம் முன்னையைவிடப் பலமாக வரும். நூறு பிள்ளைகளை எடுத்தால் ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு இருக்கக்கூடிய நோய். என் வகுப்பில் 35 பிள்ளைகள். அன்று பின்னேரம் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன்.

கத்திப் படத்தைப் பற்றியும் கேட்டேன். கேட்கும்போது குரல் நடுங்கியது. அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “இப்பிடிக் கண்டபடி எண்ணம் ஒண்டு எல்லாருக்கும் வந்து போறதுதான் அம்மா. உங்கட மகனுக்கு அது போகாமல் ஒட்டிக்கொண்டு நிக்குது. அவருக்குத் தங்கச்சியில உயிர். அதாலதான் நோய் அந்த இடத்தில பிடிச்சிருக்கு.” கோயிலும் அப்படித்தான். பக்தி இல்லாத பிள்ளைக்கு அந்த வார்த்தை வந்திருந்தாலும் இப்படி வதைத்திருக்காது.

பத்துக் கேள்வி கொண்ட ஒரு அளவுகோல் வைத்திருந்தார்கள். ஒரு நாளில் எவ்வளவு நேரம் போகிறது, எவ்வளவு தடுக்க முடிகிறது, எவ்வளவு துன்பம் தருகிறது என்றெல்லாம் கேட்டு 40க்குப் புள்ளி போடுவார்கள். மகனுக்கு 29 வந்தது. அந்த எண் எனக்குப் பின்னால் பெரிய உதவியாக இருந்தது. ‘சுகமாகுதா, இல்லையா’ என்று மனம் நாளுக்கொரு கதை சொல்லும்போது கிளினிக் கொப்பியில் இருந்த எண் உண்மையைச் சொன்னது.

கண் சிமிட்டலும் செருமலும் தோள் உலுக்கலும் ‘டிக்’ எனப்படும் துடிப்புகள். ஓ.சி.டி உள்ள பிள்ளைகளில், விசேஷமாகச் சின்ன வயதில் தொடங்கும் ஆண் பிள்ளைகளில், இது அடிக்கடி சேர்ந்து வருமாம். இரண்டையும் பிரித்தறிய வைத்தியர் அவனிடம் கேட்ட கேள்வி நல்லது. “இதைச் செய்யாட்டி ஏதும் கெட்டது நடக்கும் எண்டு பயமா, இல்லாட்டி கடிக்கிற இடத்தைச் சொறியவேணும் போல இருக்கிற உணர்வா?” கண் சிமிட்டலுக்கு அவன் “சொறியிற மாதிரி” என்றான். கதவுப்பிடியைத் தொடுவதற்கு “பயம்” என்றான். டிக் பெரும்பாலும் 10, 12 வயதளவில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தணியும், அதைச் சுட்டிக்காட்டாமல் விடுங்கள் என்றார். தகப்பன் அதட்டுவதை நிறுத்தினார். மூன்று மாதத்தில் செருமல் பாதியாகக் குறைந்தது.

கவனக்குறைவைப் பற்றி அவசரப்பட்டு முடிவெடுக்கவில்லை. கவனக்குறைவு நோயும் ஓ.சி.டியும் ஒரே பிள்ளையில் சேர்ந்திருப்பது வழமைதான். ஆனால் தலைக்குள் ஏழு வரை எண்ணிக்கொண்டிருக்கிற பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்? சுழற்சி குறைந்த பிறகு பார்ப்போம் என்றார். எங்கள் மகனுக்கு அது குறைந்தபோது கவனமும் திரும்பி வந்தது. வேறு பிள்ளைக்கு வராமலும் இருக்கலாம். அப்போது அதற்கும் தனியாகப் பார்க்கத்தான் வேண்டும். இன்னொன்றும் கேட்டார், தொண்டைநோவு, காய்ச்சல் வந்து சில நாட்களில் இது திடீரென்று தொடங்கியதா என்று. சில பிள்ளைகளில் தொண்டைக் கிருமித் தொற்றுக்குப் பிறகு ஒரே நாளில் வந்ததுபோல ஓ.சி.டியும் டிக்கும் தொடங்குவதை 1998இல் அமெரிக்க வைத்தியர் சூசன் சுவீடோ எழுதியிருக்கிறார். அதைப் பற்றி வைத்தியர்களுக்குள்ளே இன்னும் வாதம் உண்டு. எங்கள் மகனுக்கு அப்படி இல்லை, மெல்ல மெல்லத்தான் வந்தது. உங்கள் பிள்ளை நேற்றுவரை நன்றாக இருந்து இன்று மாறியிருந்தால் அந்தத் திகதியை எழுதிக்கொண்டு போங்கள்.

அடுத்த கேள்வி எங்களைப் பற்றியது. “இவருக்காக வீட்டில நீங்கள் என்னென்ன செய்யிறீங்கள்?”

சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கதவை நான் திறந்துவிடுவேன், அவன் பிடியைத் தொடாமல் இருக்க. அவன் உடுப்பைத் தனியாகத் தோய்த்துத் தனிக் கொடியில் போடுவேன். தகப்பன் ஆசுபத்திரி வீதியால் போகாமல் ஒழுங்கைகளால் சுற்றி சைக்கிளில் கூட்டிப்போவார். அம்மா அவனுக்கென்று ஒரு அகப்பை வைத்திருந்தார். தங்கச்சி அவன் கட்டிலில் இருக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கேள்வி. “அம்மா, தங்கச்சிக்கு ஒண்டும் நடக்காதுதானே?” நான் சொல்லுவேன், “ஓம் ராசா, ஒண்டும் நடக்காது.” ஓர் இரவு எண்ணிப் பார்த்தேன். 43 தரம் கேட்டான். 43 தரமும் சொன்னேன். ஆரம்பத்தில் ஒரு பதில் அவனுக்கு ஒரு மணித்தியாலம் தாங்கும். கடைசியில் மூன்று நிமிடம்கூடத் தாங்கவில்லை.

வைத்தியர் பேனையை வைத்துவிட்டுச் சொன்னார். “அம்மா, இதெல்லாம் பாசத்தில செய்தது. ஆனால் உங்கட பதில் பிள்ளைக்குப் போய்ச் சேரேல்லை, நோய்க்குத்தான் போகுது. நீங்கள் சோறு போடப் போட அது வளருது.”

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். அடித்தும் ஏசியும் கெடுத்ததைவிட, நாங்கள் ஆறுதல் சொல்லிச் சொல்லிக் கெடுத்தது கூட.

ஆனால் கேட்டுவிட்டு வந்து நாங்கள் செய்தது பெரிய பிழை. அன்றிரவே எல்லாவற்றையும் நிறுத்தினோம். சவர்க்காரத்தை அலுமாரியில் பூட்டினோம், கேள்விக்கு வாயே திறக்கவில்லை. பிள்ளை சுவரில் தலையை அடித்தான். தகப்பன் தாங்க முடியாமல் கன்னத்தில் அறைந்துவிட்டார். பிறகு அவரும் அழுதார். அடுத்த கிளினிக்கில் இதைச் சொன்னபோது வைத்தியர் எங்களை ஏசவில்லை. ஒரு நேரத்தில் ஒன்று, அதுவும் பிள்ளைக்கு முதலே சொல்லி, பிள்ளையின் சம்மதத்தோடு என்றார்.

அப்படித்தான் பிறகு செய்தோம். முதலில் கேள்வி. மகனும் நானும் இருந்து பேசி ஒரு வசனம் தயாரித்தோம். “உனக்குப் பயமா இருக்கெண்டு தெரியும். உன்னால தாங்க ஏலும். இதுக்கு நான் பதில் சொல்லமாட்டன்.” முதல் கிழமை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் மட்டும் பழைய பதில், பதினோராம் தரத்திலிருந்து இந்த வசனம். அடுத்த கிழமை ஐந்து. சுவரில் ஒரு தாள் ஒட்டி அவனே கோடு போட்டான். ஆறாம் கிழமை பூச்சியத்துக்கு வந்தோம். அம்மாவைச் சம்மதிக்க வைக்கத்தான் கஷ்டப்பட்டேன். “பச்சைப் பிள்ளை கேக்குது, ஒரு ஓம் சொன்னா வாய் தேஞ்சு போகுமோ?” என்று கேட்டார். ஒருநாள் அவரையும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வைத்தியர் அவருக்குச் சொன்னது வேலை செய்தது. நான் சொன்னது வேலை செய்யவில்லை. வீட்டில் உள்ள எல்லாரும் ஒருநாளாவது வைத்தியரைக் காணவேண்டும். ஒருவர் ஆறுதல் சொன்னாலும் நோய் அந்த ஒருவரைத் தேடிப் போகும்.

கை கழுவலுக்கு வேறு முறை. பயத்தை எதிர்கொள்வது, ஆனால் வழமையான செயலைச் செய்யாமல் இருப்பது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் எழுதிய முறையின் வழியில் வந்தது இது. பயத்துக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி என்று மகனே பட்டியல் போட்டான். தன் செருப்பைத் தொடுவது 3. படலைக் கொளுக்கி 4. மினிபஸ் கம்பியைப் பிடித்துவிட்டு அதே கையால் பிஸ்கற் சாப்பிடுவது 6. ஆசுபத்திரி வீதியால் போவது 7. தங்கச்சி பக்கத்தில் நிற்க மாம்பழம் வெட்டுவது 9. செத்தவீடும் கோயிலும் 10.

படலைக் கொளுக்கி நாள் எனக்கு மறக்காது. தொட்டான். கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டிக்கொண்டு விறாந்தைக் கதிரையில் இருந்தான். முகம் வெளிறிப் போயிற்று. எனக்கு ஓடிப்போய்த் தண்ணி கொண்டுவரவேண்டும் போல இருந்தது, கதிரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் புள்ளி கேட்டேன். பட்டியலில் 4 போட்டவன் 8 என்றான், பிறகு 8, 7, 7, 5. இருபத்தைந்தாம் நிமிடம் என்னைப் பார்த்து மெல்லிய குரலில் சொன்னான்: “அம்மா, நான் கழுவேல்லை. ஆனா குறைஞ்சிட்டுது.”

அது நான் சொல்லி அவன் அறிந்ததில்லை. அவன் தோல் அறிந்தது. அதே கொளுக்கியை இரண்டு கிழமை ஒவ்வொரு நாளும் தொட்டான். சலித்துப்போகும்வரை தொட வேண்டும். ஒருமுறை தொட்டுவிட்டு அடுத்த படிக்குப் பாய்ந்தால் நிற்காது. மாம்பழத்துக்கு வர ஏழு மாதம் எடுத்தது. படிகளை வைத்தியரோடும் உளவளத்துணையாளரோடும் பேசித்தான் ஏறினோம்.

மருந்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் அதற்குத்தான் கூடப் பயந்தேன். சேட்ராலின் என்ற மாத்திரை, 25 மில்லிகிராமில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். ‘விசர் மருந்து குடுக்கிறாள்’ என்று என் காதுபடவே சொன்னார்கள். 2004இல் வெளிவந்த ஒரு ஆய்வை வைத்தியர் விளங்கப்படுத்தினார். 7 வயதிலிருந்து 17 வயதுவரையான 112 பிள்ளைகள். பன்னிரண்டு கிழமைக்குப் பிறகு நோய்க்குறி ஏறக்குறைய நீங்கியவர்கள், பயத்தை எதிர்கொள்ளும் பயிற்சியும் மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 53.6 வீதம், பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 39.3 வீதம், மருந்து மட்டும் பெற்றவர்களில் 21.4 வீதம், வெறும் போலி மாத்திரை பெற்றவர்களில் 3.6 வீதம். அதனால்தான் மருந்தை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள் என்கிறேன். லேசான நோய்க்குப் பயிற்சியோடு தொடங்கலாம். மகனுடையது லேசாக இருக்கவில்லை.

அதே 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இந்த வகை மருந்துகளுக்கு ஓர் எச்சரிக்கையும் போட்டது. ஆய்வுகளில் மருந்து எடுத்த பிள்ளைகளில் 4 வீதமானோருக்கும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 2 வீதமானோருக்கும் தற்கொலை எண்ணமோ நடத்தையோ காணப்பட்டது, ஒருவரும் இறக்கவில்லை. தொடக்கத்திலும் அளவை மாற்றும்போதும் பிள்ளையைக் கூர்ந்து பாருங்கள் என்பதுதான் அதன் பொருள். முதல் இரண்டு மாதம் நான் அவன் அறையில் படுத்தேன். வயிற்றுநோ வந்தது, இரண்டு கிழமையில் போயிற்று. பலன் தெரியப் பத்துக் கிழமை எடுத்தது. மூன்றாம் கிழமையில் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று நிறுத்தப் பார்த்தேன், நல்லகாலம் கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தேன்.

திடீரென்று நிறுத்தவும் கூடாது. 2022 நடுப்பகுதியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இதுதான் எங்கள் பெரிய பயம். பெற்றோல் இல்லை. தகப்பன் சைக்கிளில் ரவுணுக்குள் ஒவ்வொரு பார்மசியாக ஏறி இறங்கினார். கடைசியில் கொழும்பிலுள்ள மச்சான் வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் எப்போதும் மூன்று கிழமை மருந்து கையிருப்பில் இருக்கும், பூட்டிய அலுமாரியில்.

பள்ளிக்கூடத்தில் வகுப்பு ரீச்சரிடம் மட்டும் சொன்னோம். அவர் ஒரு விதி போட்டார். பேனையால் எழுதவேண்டும், பிழையானால் ஒரு கோடு, அழிரப்பர் மேசையில் இருக்கக்கூடாது, கொப்பியின் வடிவுக்குப் புள்ளி குறைக்கமாட்டேன். அந்த ஒரு விதி எங்களுக்குப் பாதிச் சுமையைக் குறைத்தது.

ஒன்றை நான் கவனிக்காமல் விட்டேன், சின்னவளை. அவளுக்கு அப்போது ஆறு வயது. அண்ணன் கட்டிலில் இருக்காதே, அண்ணன் உடுப்பைத் தொடாதே என்று சொல்லிச் சொல்லியே வைத்திருந்தோம். ஒருநாள் என் மடியில் படுத்துக்கொண்டு கேட்டாள்: “அம்மா, நான் ஊத்தையா?” அன்றைக்குத்தான் அவளையும் அண்ணனையும் பக்கத்தில் இருத்தி அவளுக்கு விளங்கும் பாஷையில் சொன்னோம். வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் இதை முதல் மாதத்திலேயே செய்யுங்கள்.

14 வயதில் வேறொன்று வந்தது. சுழற்சி நன்றாகக் குறைந்திருந்த காலம். நாங்கள் கொஞ்சம் கவனம் தளர்ந்திருந்தோம். மகன் விளையாடப் போவதை விட்டான், சாப்பாடு குறைந்தது, பின்னேரமெல்லாம் படுக்கை. ஒருநாள் “நான் இல்லாட்டி உங்கள் எல்லாருக்கும் நிம்மதிதானே” என்றான். ஓ.சி.டியோடு வளரும் பிள்ளைகளுக்குப் பதின்ம வயதில் மனச்சோர்வு சேர்ந்துகொள்வதுண்டு என்று வைத்தியர் முதலே சொல்லியிருந்தார். அதனால் அதைக் கோபப் பேச்சு என்று விடவில்லை. நேராகக் கேட்டேன், “சாகவேணும் எண்டு யோசிக்கிறியா அப்பன்?” சில நேரம் யோசிக்கிறான் என்றான். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே போட்டுவிடுவோம் என்று எங்கள் ஊரில் பயப்படுவார்கள். அப்படி இல்லை. கேட்டதும் அவன் தோள் இறங்கியதை நான் கண்டேன். அன்றிரவே கொட்டிலில் இருந்த தோட்டத்துப் பூச்சிமருந்தெல்லாம் வீட்டை விட்டுப் போனது. அவனைத் தனியே விடவில்லை, காலையில் கிளினிக்கில் நின்றோம். இரவில் ஒருவரும் கிடைக்காவிட்டால் 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கிறது, தமிழிலும் கதைக்கலாம். எங்கள் குளிர்ப்பெட்டியில் அந்த இலக்கம் இன்றும் ஒட்டியிருக்கிறது.

இப்போது அவனுக்கு 15. கடைசியாகப் போட்ட புள்ளி 11. மருந்து தொடர்கிறது. பரீட்சைக் காலத்தில் எண்ணிக்கை எட்டிப் பார்க்கும். தோள் உலுக்கல் களைத்த நாட்களில் வரும். அப்போது பழைய தாளை எடுத்துப் படலைக் கொளுக்கியிலிருந்து தொடங்குகிறான், நான் சொல்லாமலே. கோயிலுக்கு வருகிறான். கெட்ட வார்த்தை வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டுக் கும்பிடுவதாகச் சொன்னான்.

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு செத்தவீடு. அம்மாவோடு அவனும் போனான். மத்தியானம் திரும்பி வந்தார்கள். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். கிணத்தடியில் ஒரு வாளி அள்ளித் தலையில் வார்த்தான். வாளியைக் கவிழ்த்து வைத்தான். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு பேசாமல் துவாயை நீட்டினார். துடைத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்து கதிரையில் இருந்தான்.

“அம்மா, தேத்தண்ணி இருக்கோ?” என்று கேட்டான். வேறு ஒன்றும் கேட்கவில்லை.